பேய் இல்லாத புத்தகங்கள்

பேய்க் கதை எனக்கு ஆகாது. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது, சிலருக்குப் பலாப்பழம் ஆகாது, அந்த மாதிரிதான். தலைப்பில் மயானமோ, பாழடைந்த பங்களாவோ, நள்ளிரவோ தென்பட்டால் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவேன். வீட்டில் குழந்தைகள் போர்வைக்குள் பாதி முகத்தை ஒளித்துக்கொண்டு பேய்ப் படம் பார்க்கும் வேளையில் எனக்குக் கொல்லைப்புறத்தில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யை ஒரே ஒரு தடவைதான் வாசித்திருக்கிறேன். அதுவும் பட்டப்பகலில், வாசல் திண்ணையில் ஆள் நடமாட்டம் இருக்கும்போது.

சென்ற வருஷம் சிநேகிதர் ஒருவர் இதைப் பற்றிப் பேச்செடுத்தார். "அப்படியானால் உங்களைத் தூங்கவிடாமல் அடித்த புத்தகமே கிடையாதா?" என்று கேட்டார்.

"ஏன் இல்லை? மூன்று நான்கு உண்டு. டால்ஸ்டாய் எழுதியது ஒன்று" என்றேன்.

நான் வேடிக்கை செய்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். உண்மையாகத்தான் சொன்னேன். அந்தப் புத்தகங்களில் பேய் இல்லை. இரண்டில் பட்டப்பகலில்தான் எல்லாம் நடக்கிறது. ஆனாலும் அவற்றை அலமாரியில் பார்க்கும்போதெல்லாம் மனத்தில் ஒரு கலக்கம் உண்டாகிறது.

டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' 1886-இல் வெளிவந்த குறுநாவல். நல்ல சம்பளமும் கௌரவமும் உள்ள ஒரு நீதிமன்ற அதிகாரி, புது வீட்டை ஆசையோடு அலங்கரிக்கிறார். திரைச்சீலை எப்படித் தொங்கவேண்டும் என்று காட்டுவதற்காக ஏணியில் ஏறியவர், கால் சறுக்கி, ஜன்னல் பிடியில் விலாவை இடித்துக்கொள்கிறார். அதை வீட்டாரிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்கிறார். பிறகு அந்தப் பக்கத்தில் ஒரு வலி. வாயில் ஒரு கசப்பு. வைத்தியர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

ஆனால் டால்ஸ்டாய் கதையை எங்கே ஆரம்பிக்கிறார் என்று பாருங்கள். இவான் இலியிச் இறந்த செய்தியைக் கோர்ட்டில் அவருடைய சகாக்கள் பத்திரிகையில் பார்க்கிறார்கள். உடனே அவர்கள் மனத்தில் எழும் கேள்வி, காலியான இடத்துக்கு யார் வருவார், நமக்கு என்ன உயர்வு கிடைக்கும் என்பது. அடுத்தபடியாக, போனது அவர்தானே, நாம் இல்லையே என்று ஒரு சிறு ஆறுதல். துக்கம் விசாரிக்கப் போன நண்பருக்கு அன்றைய சீட்டாட்டம் தவறிவிடக் கூடாதே என்ற கவலை. உட்கார்ந்த மெத்தை ஆசனத்தின் ஸ்பிரிங் வேறு அவரைப் படாத பாடு படுத்துகிறது.

இருபது வயதில் இதை வாசித்தபோது, எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்தேன். நாற்பதுக்கு மேல் மறுபடியும் வாசித்தேன். அவர்கள் சாதாரண மனிதர்களாகவே தெரிந்தார்கள். எத்தனை துக்க வீடுகளில் நானும் கைக்கடிகாரம் கட்டிய மனிதர்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறேன்! இன்னொன்றும் கண்ணில் பட்டது. இறக்கும்போது இவான் இலியிச்சுக்கு வயது 45. இருபது வயதில் அந்த எண்ணைக் கவனித்த ஞாபகமே எனக்கு இல்லை. இரண்டாம் தடவை வாசித்த இரவு, விளக்கை அணைத்த பிறகு, என் கை தானாகவே விலாவைத் தடவிப் பார்த்தது.

இரண்டாவது புத்தகம் காஃப்கா எழுதிய 'உருமாற்றம்'. பிராகு நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் உத்தியோகம் பார்த்தவர் அவர். இது 1915-இல் வெளிவந்தது. கிரிகோர் சாம்சா என்ற விற்பனைப் பிரயாணி ஒரு நாள் காலையில் கண் விழிக்கும்போது பெரிய பூச்சியாக மாறியிருக்கிறான். கேட்டவுடனே இதுவும் பேய்க் கதை வகைதான் என்று தோன்றும். நானும் அந்தப் பயத்தில் இதை வெகுகாலம் தொடாமல் இருந்தேன். ஆனால் அந்தப் பூச்சியை அட்டையில் படமாகப் போடக் கூடாது, தூரத்திலிருந்துகூடக் காட்டக் கூடாது என்று காஃப்காவே பதிப்பாளருக்கு எழுதினார். முதல் பதிப்பின் அட்டையில், திறந்திருக்கும் கதவிலிருந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு விலகிப் போகிற ஒரு மனிதன்தான் இருக்கிறான். பயங்கரம் பூச்சியில் இல்லை, வீட்டாரிடம் இருக்கிறது என்பது கதையை முடிக்கும்போது விளங்கும்.

கிரிகோரின் சம்பளத்தில்தான் அந்தக் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பூச்சியாக விழித்த காலையிலும் அவனுக்கு முதல் கவலை, ஐந்து மணி ரயில் போய்விட்டதே என்பதுதான். ஆரம்பத்தில் தங்கை பரிவோடு ஆகாரம் வைக்கிறாள். எது பிடிக்கும் என்று தெரியாமல் பல தினுசாக வைத்துப் பார்க்கிறாள். நாளாக ஆக, கிடைத்ததைக் காலால் உள்ளே தள்ளிவிட்டுப் போகிறாள். அவன் அறையிலிருந்து மேஜை நாற்காலிகள் வெளியே போகின்றன. பிறகு வீட்டில் வேண்டாத சாமான்கள் எல்லாம் அந்த அறைக்குள் வந்து சேருகின்றன.

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடி வைத்தேன். காரணம் இலக்கியம் சம்பந்தப்பட்டது இல்லை. எங்கள் பெரியப்பா சம்பந்தப்பட்டது.

பெரியப்பா ஓர் அரிசி மில்லில் கணக்கு எழுதினார். எங்கள் கூட்டுக் குடும்பத்தில் பாதிச் செலவு அவருடையது. அவர் பக்கவாதத்தில் விழுந்தபோது எனக்குப் பதினான்கு வயது. வாசல் பக்கத்து அறையில் கட்டில் போட்டார்கள். முதல் மாதம் வீடே ஓசையடங்கிப் போயிற்று. ரேடியோவைத் தொடுவதில்லை, குழந்தைகள் சத்தம் போட்டால் அதட்டல். உறவினர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தவண்ணம் இருந்தார்கள். ஆறு மாதத்தில் ரேடியோ பழையபடி பாட ஆரம்பித்தது. அப்புறம் அந்த அறையின் சுவர்க் கடிகாரம் கூடத்துக்கு வந்தது. அவருக்குத்தான் ஆபீஸ் இல்லையே. தையல் மிஷின் அங்கே போயிற்று. அடுத்த அறுவடைக்கு இரண்டு அரிசி மூட்டைகள் போயின.

யாரும் அவரிடம் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியம்மா மூன்று வேளையும் கரண்டியால் ஊட்டினாள். வேஷ்டி தினமும் வெளுப்பாகவே இருந்தது. இன்றைக்கும் அந்த வீட்டாரைக் குறை சொல்ல என் வாய் வராது.

ஒரு நாள் வெளியூரிலிருந்து வந்த ஒருவர், சாத்தியிருந்த கதவைக் காட்டி, "இந்த ரூம்லே யாரு?" என்று கேட்டார். வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக் குட்டிப்பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "யாருமில்லே, அரிசி மூட்டை இருக்கு" என்றாள்.

உள்ளே பெரியப்பா விழித்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்குப் பேச்சுதான் போயிருந்தது. காது நன்றாகக் கேட்கும்.

காஃப்கா எங்கள் ஊரைப் பார்த்தவர் இல்லை. ஆனாலும் கிரிகோரின் அறைக்குள் வேண்டாத சாமான்கள் வந்தபோது, எனக்கு அந்த இரண்டு மூட்டைகளின் சாக்கு வாசனை அடித்தது. பிறகு ஒரு வாரம் கழித்துத்தான் மிச்சத்தை வாசித்தேன். கிரிகோர் இறந்த பிறகு அப்பா, அம்மா, தங்கை மூவரும் டிராமில் ஏறி ஊருக்கு வெளியே காற்று வாங்கப் போகிறார்கள். நல்ல வெயில். பெண் எவ்வளவு மதமதவென்று வளர்ந்துவிட்டாள், இனி நல்ல வரனாகப் பார்க்கவேண்டும் என்று பெற்றோருக்குத் தோன்றுகிறது. இதைவிட மங்களகரமான முடிவை எந்தப் பத்திரிகை ஆசிரியரும் கேட்க மாட்டார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாவது ஒரு சிறுகதை. ஷெர்லி ஜாக்ஸன் என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதிய 'லாட்டரி', 1948 ஜூன் 26 தேதியிட்ட 'நியூ யார்க்கர்' இதழில் வந்தது. சுமார் முந்நூறு பேர் வசிக்கும் ஒரு கிராமம். காலை பத்து மணிக்கு எல்லோரும் கூடி, பழைய கறுப்புப் பெட்டி ஒன்றிலிருந்து சீட்டு எடுக்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். ஆண்கள் மழையையும் டிராக்டரையும் பற்றிப் பேசுகிறார்கள். ஓர் அம்மாள் நாளையே மறந்துபோய், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே கடைசியில் ஓடி வருகிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். சீட்டு அவளுக்கே விழுகிறது. பரிசு என்னவென்றால், ஊரார் அவளைக் கல்லால் அடிப்பது. அவளுடைய சின்னப் பையன் கையிலும் யாரோ நாலு கூழாங்கல்லைக் கொடுக்கிறார்கள். ஏன் இந்த வழக்கம்? ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. வருஷா வருஷம் நடக்கிறது, அதனால் நடக்கிறது.

கதையைவிட என்னை நடுங்க வைத்தது அதன் பின்கதை. அந்தக் கோடையில் ஆசிரியைக்கு 300 கடிதங்களுக்கு மேல் வந்தன. திட்டியவர்கள் பலர், அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இந்த லாட்டரி எந்த ஊரில் நடக்கிறது, நாங்கள் போய்ப் பார்க்கலாமா என்று விசாரித்தவர்களும் இருந்தார்களாம். இரண்டாவது உலக யுத்தம் முடிந்து மூன்று வருஷம்கூட நிறையாத சமயம் அது.

இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று புரிகிறது. பேய் வெளியிலிருந்து வருகிறது. கதவைத் தாழ்ப்பாள் போடலாம், வேப்பிலை செருகலாம், புத்தகத்தை மூடிவிடலாம். இந்தக் கதைகளில் வெளியார் யாரும் வருவதில்லை. நல்ல மனிதர்கள் ஒன்றுக்குப் பழகிப்போகிறார்கள். சகா செத்ததற்கு, அண்ணன் அறைக்குள் கிடப்பதற்கு, கல்லைப் பொறுக்குவதற்கு. பழக்கத்துக்கு எந்தத் தாழ்ப்பாளைப் போடுவது?

பின் ஏன் இவற்றை மறுபடியும் எடுத்து வாசிக்கிறாய் என்று கேட்பீர்கள். டால்ஸ்டாய் கதையில் கெராசிம் என்று ஒரு வேலைக்காரப் பையன் வருகிறான். நோயாளியின் கால்களைத் தூக்கி வைத்தால் வலி குறைகிறது என்று, இராத்திரியில் வெகுநேரம் அவற்றைத் தன் தோள்மேல் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நாளைக்கே குணமாகிவிடும் என்று மற்றவர்கள் பொய் சொல்லும் வீட்டில் அவன் ஒருவன்தான் பொய் சொல்வதில்லை. அந்தப் பையனைப் பார்ப்பதற்காகவே நான் திரும்பத் திரும்ப அந்தப் புத்தகத்துக்குப் போகிறேன். பக்கத்தில் இருட்டு அத்தனை இல்லாவிட்டால் அவன் முகம் அவ்வளவு தெளிவாகத் தெரியாது.

இந்தப் புத்தகங்களை நீங்களும் வாசியுங்கள் என்று துணிந்து சொல்ல எனக்குத் தயக்கம்தான். வாசித்தால் ஒன்று செய்யுங்கள். முடித்த கையோடு அடுத்த புத்தகத்தை எடுக்க வேண்டாம். வீட்டில் வயதானவர்கள் யாராவது படுத்த படுக்கையாக இருந்தால், அந்த அறைக்குப் போய், கட்டில் ஓரத்தில் சற்று நேரம் உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டிருங்கள். அவர்கள் பதில் பேசாவிட்டாலும் பாதகமில்லை. காது கேட்கும்.