மாமியாரும் மக்ரூனும்

தூத்துக்குடி என்று சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? சரித்திரம் படித்தவர்கள், "1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்த ஊர்" என்பார்கள். நகையில் ஆசை உள்ளவர்கள் முத்தைச் சொல்வார்கள். நம்மைப் போல் அடுப்படியில் பாதிப் பொழுதைக் கழிப்பவர்கள், "உப்பு விளையும் ஊர் அல்லவா!" என்பார்கள். என் மாமியார் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரு பெருமூச்சு விடுவார். பிறகு மெதுவாக, "அந்த ஊர் மக்ரூன் மாதிரி உலகத்தில் எங்கேயும் கிடையாது" என்பார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்களுடையது அசல் சைவக் குடும்பம். கேக் வாங்கி வந்தால்கூட, அத்தை மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, 'முட்டை கலக்காதது' என்று பெட்டியின் மேல் எழுதியிருக்கிறதா என்று எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்த பிறகுதான் அதற்கு வாசற்படி தாண்ட அனுமதி. மக்ரூனோ முட்டையின் வெள்ளைக் கருவை அடித்தே செய்கிற பண்டம். அதன் ருசி இவருக்கு எப்படித் தெரியும்? கேட்டால், "போய்ப் பாத்திரத்தைக் கவிழ்த்து வை" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

அப்படிப்பட்டவர் சென்ற மாதம் ஒரு நாள், "எனக்கு எழுபத்தாறு முடிந்துவிட்டது. ஒரு தடவை தூத்துக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போ. கல்யாணம் காட்சி இல்லாமல் சும்மா போக வேண்டும்" என்றார். நான், அத்தை, என் மகன் மூவருமாகக் கிளம்பினோம்.

சென்னை எழும்பூரில் மாலையில் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினால், காலையில் தூத்துக்குடி. வழியில் விடியற்காலைத் தூக்கத்தை விட்டு எழுந்திருக்கத் தயாராயிருந்தால் ருசியான ஊர்களையும் பார்க்கலாம். சாத்தூரில் காரச்சேவு. கோவில்பட்டியில் கடலை மிட்டாய். கரிசல் மண் நிலக்கடலையும் வெல்லப் பாகும் சேர்ந்த அந்த மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பிறகு வாஞ்சி மணியாச்சி. 1911-இல் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது அந்த ஸ்டேஷனில்தான். அத்தை எதையும் கவனிக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து விரல்களைப் பின்னுவதும் பிரிப்பதுமாகவே இருந்தார்.

தூத்துக்குடியில் அத்தையின் தங்கை இருக்கிறார். நான் சின்னத்தை என்று கூப்பிடுவேன். பிரயாணக் களைப்புத் தீர முதல் காரியமாகத் தலைக்குக் குளித்தேன். குளித்தேன் என்று சொல்வதைவிட, போராடினேன் என்று சொல்ல வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று நீர்; உப்புச் சப்பென்று இருந்தது. ஊரிலிருந்து கொண்டுபோன ஷாம்பு நுரைப்பேனா என்றது. காய்ந்த பிறகு தொட்டுப் பார்த்தால், தேங்காய் நார்!

சின்னத்தை சிரித்தார். "இந்தத் தண்ணிக்கு அதெல்லாம் ஆகாது. நாளைக்கு அக்கா கையால் எண்ணெய் தேய்த்துக்கோ" என்றார்.

மறு நாள் காலை முற்றத்தில் மணை போட்டு உட்கார வைத்து, அத்தை என் தலையில் தேங்காய் எண்ணெயை ஊறத் தேய்த்தார். அரை மணி கழித்துச் சீயக்காயும் செம்பருத்தி இலை அரைத்த விழுதும். உங்களில் உப்புத் தண்ணீரோடு அவஸ்தைப்படுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடின நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் உண்டு. சோப்பு அவற்றோடு கூடி வெள்ளைப் படிவமாகத் தலைமயிரில் ஒட்டிக்கொள்கிறது. சீயக்காயில் அழுக்கெடுப்பது சாப்போனின் என்ற பொருள்; அது சோப்பைப் போல் படிவம் உண்டாக்குவதில்லை. குளிப்பதற்கு முன்னால் தேங்காய் எண்ணெய் வைப்பதும் வெறும் பாட்டி வைத்தியம் அல்ல. அது மயிரிழைக்குள் இறங்கி, கழுவும்போது புரதம் வீணாவதைக் குறைக்கிறது என்று 2003-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று சொல்கிறது.

சீயக்காய் வாசனை முற்றமெல்லாம் பரவியிருந்தது. என் தலையைத் தேய்த்துக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது.

"இந்த ஊரில்தான் எங்க ஆச்சி என்னை இப்படி உட்கார வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தாள். பத்து வயசு எனக்கு."

"எதற்கு, அத்தை?"

"மக்ரூன் தின்றதற்கு."

கண்ணில் சீயக்காய் இறங்குவதையும் பொருட்படுத்தாமல் நான் திரும்பிப் பார்த்தேன். அப்புறம்தான் கதை வந்தது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த தோழி, மாதா கோயிலுக்கு அடுத்த தெரு. ஆகஸ்டு 5-ஆம் தேதி பனிமய மாதா திருவிழாவுக்காக அவர்கள் வீட்டில் மக்ரூன் வாங்கி வைத்திருந்தார்கள். அத்தை தின்றுவிட்டார். வீட்டுக்கு வந்து அதன் பெருமையைப் பேசப் போக, அதில் முட்டை உண்டு என்று யாரோ ஆச்சியிடம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அன்று பொழுது சாய்ந்த நேரத்தில் தலை முழுக்கு. அத்தோடு அந்தச் சிநேகிதியையும் தலை முழுக வேண்டியதாயிற்று. பேசக் கூடாது, அந்தத் தெருப் பக்கம் போகக் கூடாது.

"முட்டை என்று அவள் சொல்லவில்லையா?" என்று கேட்டேன்.

அத்தை ஒரு செம்பு தண்ணீரை என் தலையில் விட்டார். "சொல்லவில்லை என்றுதான் ஆச்சியிடம் சொன்னேன்" என்றார். அந்தப் பதிலில் இருந்த வளைவு அப்போது எனக்குப் புரியவில்லை.

அன்று பகல் ஒரு பேக்கரிக்குப் போனோம். வாசலிலேயே சர்க்கரை வாசனை நம்மைக் கையைப் பிடித்து அழைத்துப் போகிறது. உள்ளே செங்கல் அடுப்பு. அங்கேயிருந்த அண்ணாச்சி நல்ல மனிதர். "வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரி. நாலாவது சாமான் கிடையாதும்மா" என்றார். ஐரோப்பாவில் இதே பண்டத்துக்குப் பாதாம் போடுகிறார்கள். நம்மவர்கள் முந்திரியைப் போட்டுச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். அந்த முந்திரி மரத்தைப் பதினாறாம் நூற்றாண்டில் பிரேஸிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர். முத்துக் குளிக்கும் இந்தக் கரையில் 1658-இல் டச்சுக்காரர்கள் வரும்வரை அவர்கள் கைதான் ஓங்கியிருந்தது. மக்ரூனும் அவர்கள் வழி வந்ததுதான் என்று ஊரில் சொல்கிறார்கள்.

வெள்ளைக் கருவை அடிக்க அடிக்க அது பாற்கடல் மாதிரி பொங்குகிறது. சர்க்கரையை ஒரே தடவையில் கொட்டுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, கரண்டியைத் தூக்கினால் கூம்பாக நிற்கும் பதம் வரும்வரை அடிக்கிறார்கள். பிறகே முந்திரிப் பொடி, அதுவும் நுரை உடையாமல் மெதுவாக. காகிதச் சுருளில் அடைத்து, தட்டில் விரித்த காகிதத்தின் மேல் பிழிகிறார்கள். அடி அகன்று நுனி கூர்ந்து, சின்னச் சின்னக் கோபுரங்கள்! ரொட்டி வெந்து முடிந்த அடுப்பின் மிச்சச் சூட்டில் இராத்திரி முழுவதும் கிடந்து உலர்ந்தால், காலையில் மக்ரூன்.

"வீட்டில் செய்தால் ஏன் சரியாக வருவதில்லை?" என்று உங்களுக்காகக் கேட்டேன். அண்ணாச்சி மூன்று காரணங்கள் சொன்னார். ஒன்று, மஞ்சள் கரு ஒரு துளி விழுந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை எழும்பாது. இரண்டு, முந்திரியை அதிகம் அரைத்தால் எண்ணெய் விட்டுவிடும். ரவை போல் உடைத்தால் போதும். மூன்று, மழை நாளில் ஆரம்பிக்கக் கூடாது. காற்றிலுள்ள ஈரத்தைச் சர்க்கரை இழுத்துக்கொண்டு பிசுபிசுத்துப் போகும்.

வீட்டு அடுப்புக்கு அளவு வேண்டுமானால், மூன்று முட்டையின் வெள்ளைக் கருவுக்குப் பொடித்த சர்க்கரை 150 கிராம், முந்திரி 150 கிராம். 100-லிருந்து 110 டிகிரி சூட்டில் ஒன்றரை மணி நேரம் வைத்து, அடுப்பை அணைத்த பிறகும் உள்ளேயே ஆற விடுங்கள். முட்டை சேர்க்காத சகோதரிகள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். கொண்டைக் கடலை வேக வைத்த கெட்டி நீரைக் குளிர வைத்து அடித்தால், அதுவும் வெள்ளைக் கரு போலவே நுரைக்கும். 2014, 2015-ஆம் ஆண்டுகளில் மேல்நாட்டுச் சமையல் பிரியர்கள் கண்டுபிடித்த உபாயம் இது. நாமோ காலங்காலமாக அந்த நீரை ரசத்தில் விட்டுக்கொண்டிருக்கிறோம்!

அண்ணாச்சி ஆளுக்கொரு மக்ரூன் நீட்டினார். மகன் வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். அத்தை கையைக் கூப்பி, "எனக்கு வேண்டாம்" என்றார். ஆனால் கால் கிலோ கட்டித் தரச் சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அன்று இரவு என் மகன் சென்னையிலுள்ள தகப்பனாருக்கு, "அம்மாவும் நானும் நைட் கிளப்புக்குப் போகிறோம்" என்று செய்தி அனுப்பிவிட்டான். அடுத்த நிமிஷமே டெலிபோன் அலறியது. பதறாதீர்கள். தூத்துக்குடியில் 'நைட் கிளப்' என்றால் பரோட்டாக் கடை. பொழுது சாய்ந்த பிறகு கல் சூடாகி, நடுநிசிவரை அமர்க்களப்படும். ஆடலும் பாடலும் அங்கே கொத்துப் பரோட்டாவின் தாளத்தோடு சரி. சைவச் சால்னா கிடைக்கிற கடையாகத் தேடிப் பிடித்தோம். மொரமொரவென்று எண்ணெயில் பொரித்த பரோட்டாவை உதிர்த்துச் சால்னாவில் ஊற வைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தால், அத்தை தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"அவள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாளாம். உன் சின்னத்தையின் மகளுக்கு டீச்சராக இருந்திருக்கிறாள்" என்றார். "நாளைக்குக் காலையில் நீ என்னோடு வருகிறாயா?"

போனோம். மாதா கோயிலைத் தாண்டினால் கடல் காற்று. பழைய ஓட்டு வீடு. கதவைத் திறந்தவர் வெள்ளைத் தலையைக் கொண்டை போட்டிருந்த ஓர் அம்மாள். ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

"ஏட்டி, நீயா!"

சின்னத்தை முன்னாடியே சொல்லியனுப்பியிருந்தார் போலிருக்கிறது. மேஜையில் ஒரு தட்டு நிறையக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய். "முட்டை கிட்டை ஒன்றும் இல்லை, தைரியமாய்ச் சாப்பிடு" என்றார் டீச்சரம்மா. அதில் குத்தல் இல்லை. ஆனாலும் அத்தையின் முகம் சிவந்துவிட்டது. கையிலிருந்த மக்ரூன் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார்.

"அன்றைக்கு நீ சொன்னாய். 'இதில் முட்டை இருக்கு, உங்க வீட்டில் ஏசுவாங்க' என்று சொன்னாய். நான்தான் கேட்காமல் தின்றேன். ஆச்சி அடிக்க வந்ததும், 'அவள் சொல்லவே இல்லை, ஏமாற்றிக் கொடுத்துவிட்டாள்' என்று பொய் சொன்னேன். ஆச்சி இந்த வாசலில் வந்து நின்று உங்க அம்மாவைப் பேசாத பேச்செல்லாம் பேசினாள். நான் அங்கே தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை."

எனக்கு அப்போதுதான் அந்த வளைவு புரிந்தது. அறுபத்தாறு வருஷமாக அத்தை விட்ட பெருமூச்சு மக்ரூனுக்காக அல்ல.

டீச்சரம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அம்மா அன்று ராத்திரி அழுதாள்" என்றார். "நானும் உன்மேல் ரொம்ப நாள் கோபமாயிருந்தேன். அப்புறம் டீச்சர் வேலைக்கு வந்து முப்பது வருஷம் பத்து வயசுப் பிள்ளைகளோடு மாரடித்தேனே. அதில் கோபம் போய்விட்டது. பயந்த பிள்ளை பொய் சொல்லத்தான் செய்யும்."

பிறகு பொட்டலத்தைப் பிரித்தார். இரண்டு தட்டுகளில் வைத்தார். ஒன்றை அத்தைக்கு முன்னால் தள்ளிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் சாட்சி அம்மா. ஏட்டி, இதில் முட்டை இருக்கு. சொல்லிவிட்டேன்!"

"கேட்டாச்சு" என்றார் அத்தை. எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மக்ரூனைக் கடிக்க வேண்டியதில்லை. நாக்கில் பட்டதும் கரையும். அத்தையின் கண்ணில் வழிந்தது என்னவென்று நான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கோயில் மணி அடித்தது. இருவரும் சேர்ந்தாற்போல் சிரித்தார்கள்.

நீங்கள் தூத்துக்குடிக்குப் போனால் மக்ரூன் வாங்குங்கள். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள், ஈரம் பட்டால் கெட்டது. எங்கள் வீட்டில் இப்போது ஒரு டப்பா இருக்கிறது. முட்டைக்கு இன்னும் வாசற்படி தாண்ட அனுமதி இல்லை. மக்ரூனுக்கு மட்டும் உண்டு. "அது எப்படி அத்தை?" என்று கேட்டேன்.

"போய்ப் பாத்திரத்தைக் கவிழ்த்து வை" என்றார்.