சூறாவளி ஒரு நாள், கைகொடுப்பது பல நாள்



2025ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் திகதி டித்வா சூறாவளி இலங்கையின் கிழக்குக் கரையால் நாட்டுக்குள் புகுந்தது. காற்றைவிட மழைதான் கூடுதலான அழிவைச் செய்தது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைச்சரிவுகள் இடிந்து விழுந்து வீடுகளை ஆட்களோடு மூடின. வடக்கிலும் கிழக்கிலும் வயல்களும் வீடுகளும் வெள்ளத்தில் நின்றன. இங்கே ஜேர்மனியில் நாங்கள் அந்தக் கிழமை முழுவதும் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. இரவு வேலைக்குப் போனவர்கள் இடைவேளை மணி அடித்ததும் ரெலிபோனைத்தான் எடுத்தோம். பலருக்கு லைன் கிடைக்கவில்லை.

அந்த நாட்களில் எங்கள் ஆட்களிடம் மூன்று விதமான கதைகளைக் கேட்டோம். தமிழ்க் கடையிலும், பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வாசலில் நிற்கும்போதும், ரயிலிலும் இதே மூன்று கதைகள்தான். இங்கு புதிதாக வந்து குடியேறியிருக்கும் குடும்பங்களுக்கும் இவை பழக்கமாகத்தான் இருக்கும். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது கதை: "ஐயோ பாவம் சனங்கள்." இப்படிச் சொல்லாதவர் எவருமில்லை. வெள்ளத்தின் படங்களை ஒருவர் மற்றவருக்கு அனுப்பினோம், பார்த்து அழுதோம். இரக்கம் நல்லதுதான். ஆனால் அது ஒரு கிழமைக்கு மேல் நிற்பதில்லை. நத்தார் வந்தது, புதுவருடம் வந்தது, படங்களும் நின்றுவிட்டன. வீடு இழந்தவர்களுக்கோ அப்போதுதான் கஷ்டம் தொடங்குகிறது.

இரண்டாவது கதை: "அது மலையகமப்பா. எங்கட ஊருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை." இதைச் சொன்னவர்கள் கெட்ட மனிதர்கள் அல்லர். தங்கள் வீட்டார் தப்பினார்கள் என்ற நிம்மதியில் வந்த வார்த்தை அது. ஆனாலும் நாம் சற்று யோசிக்க வேண்டும். மலையகத்துச் சனங்களின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டு வரப்பட்டவர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. நாடு இல்லாமல் நிற்பது எப்படியென்று அகதி முகாமில் கடிதத்துக்குக் காத்திருந்த எங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1977 கலவரத்துக்குப் பின்னர் அவர்களில் பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறின. 2009இல் வவுனியா முகாம்களில் முள்வேலிக்குள் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது, முன்னால் நிற்பவர் எந்த ஊர் என்று நாங்கள் பார்க்கவில்லை. அந்த வரிசையில் அவர்களும் நின்றார்கள்.

இன்னொன்றும் உண்டு. தோட்டத்துச் சனங்களில் பெரும்பாலோர் லயக் காம்பிராக்களில் இருப்பவர்கள். அந்த நிலம் அவர்களுக்குச் சொந்தமில்லை. வெள்ளம் வடிந்தபின் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒருவர் தன் சொந்தக் காணிக்குத் திரும்பிப் போய்ச் சேற்றை வழிக்கலாம். மலை சரிந்த இடத்தில் லயம் இருந்த குடும்பத்துக்குத் திரும்பிப் போக ஒரு துண்டு நிலமும் இல்லை. ஆகவே உதவி அதிக காலம் தேவைப்படுவதும் அவர்களுக்குத்தான்.

மூன்றாவது கதை: "காசு கொடுத்தால் ஆருடைய கைக்குப் போகுமோ?" இந்தக் கேள்வியை நாம் தட்டிவிட முடியாது. குளிரில் விடிய நாலு மணிக்கு எழும்பி, இயந்திரத்துக்கு முன்னால் எட்டு மணித்தியாலம் நின்று உழைத்த காசு. கணக்குக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கேள்வியைக் கேட்டுவிட்டுக் காசைப் பொக்கற்றுக்குள் திரும்ப வைத்துவிட்டுப் போனால் அது கணக்குக் கேட்டதாகாது. கணக்குச் சொல்லக்கூடிய வழியைத் தேடிக் கொடுக்க வேண்டும்.

அந்த வழிகளைச் சொல்லுமுன் பழைய புயல் ஒன்றை நினைத்துப் பார்ப்போம். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தது. எங்கள் வயதினர் அப்போது பிறக்கவில்லை. ஆனாலும் மட்டக்களப்புப் பிள்ளைகள் அந்தக் கதை கேட்டுத்தான் வளர்ந்தோம். எங்கள் தாய்மார் ஒருவரின் வயதைச் சொல்லும்போதுகூட "சூறாவளிக்கு முந்தி", "சூறாவளிக்குப் பிந்தி" என்றுதான் சொல்வார்கள். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கூரைத் தகரங்கள் கடதாசி போலப் பறந்தன. கரையோரத்துத் தென்னந்தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. அரிசியும் பருப்பும் ஒரு கிழமையில் வந்து சேர்ந்துவிடலாம். ஆனால் தென்னங்கன்று நட்டுக் காய் பறிக்க ஆறேழு வருடம் செல்லும். தேங்காய் விற்றுச் சீவித்த குடும்பம் அந்த ஆறேழு வருடமும் எதைத் தின்பது? நட்ட கன்று காய்க்க முன்னரே 1983 வந்துவிட்டது. புயலின் கணக்கைச் செத்தவர்களின் தொகையோடு முடித்துவிடக் கூடாது என்பதை எங்கள் பெரியவர்கள் இப்படித்தான் அறிந்தார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியை எங்கள் வயதினர் நேரில் கண்டோம். அப்போது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். உலகம் முழுவதும் மனம் இரங்கியது. ஜேர்மன் மக்கள் மட்டும் கோடிக்கணக்கான யூரோக்களைக் கொடுத்தார்கள். அதை நாம் ஒருபோதும் மறக்கலாகாது. அதேவேளை, எவரும் கேட்காத சாமான்களும் வந்து குவிந்தன. வெயில் கொளுத்தும் ஊருக்குக் கம்பளிச் சட்டைகள் வந்தன. அவசரத்தில் செய்து கொடுத்த படகுகள் சில கடலுக்கு உதவவில்லை. கொடுத்தவர்களின் மனதில் குறையில்லை. வாங்குபவரிடம் என்ன வேண்டுமென்று கேட்காததுதான் குறை.

இது எங்கள் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. 2021 யூலை 14ஆம் திகதி இரவு இங்கேயே ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்தது. ஜேர்மனி முழுவதிலும் அந்த வெள்ளத்தில் 180க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் மண்வெட்டியோடு போய் முன்பின் தெரியாதவர்களின் நிலக்கீழ் அறைகளில் சேறு அள்ளினார்கள். உடுப்புகளும் சாமான்களும் மலைபோல் குவிந்தன. சில நாட்களிலேயே "இனிச் சாமான் அனுப்பாதீர்கள், வைக்க இடமில்லை" என்று சொல்ல வேண்டியதாயிற்று. திருத்த வேலைகளுக்கென்று அரசாங்கம் 3000 கோடி யூரோ வரை ஒதுக்கியது. அப்படியிருந்தும் நாலு வருடம் கழித்தும் அங்கே கட்டட வேலை முடியவில்லை. பணமும் இயந்திரமும் உள்ள ஜேர்மனியிலேயே இவ்வளவு காலம் எடுக்குமென்றால், பதுளையில் ஒரு லயத்துக்கு எவ்வளவு காலம் எடுக்கும்?

ஆகவே நாங்கள் சில குடும்பங்கள் கூடிப் பேசிச் சில முடிவுகள் எடுத்தோம். உங்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறோம்.

முதலில் கேட்பது. ஊரில் தெரிந்த ஆசிரியர், குருவானவர், கோயில் ஐயர், கிராம சேவையாளர் யாராவது ஒருவரோடு பேசி என்ன தேவையென்று கேட்டோம். ஒரு இடத்தில் சமையல் சாமான் போதும், பிள்ளைகளுக்குப் பாடசாலைக் கொப்பிகளும் சப்பாத்தும்தான் வேண்டுமென்றார்கள். இங்கே நாங்கள் இருந்து யோசித்தது வேறு.

இரண்டாவது, பார்சல் வேண்டாம். இங்கிருந்து ஒரு பெட்டி அனுப்பும் தபால் செலவுக்கே அங்கே ஒரு குடும்பத்துக்குப் பல நாள் சாப்பாடு வாங்கலாம். புயல் நாட்களில் ஒரு யூரோவுக்கு முந்நூறு ரூபாவுக்கு மேல் கிடைத்தது. அங்கே வாங்கினால் அங்குள்ள கடைக்காரனும் பிழைப்பான். அவனுடைய கடைக்குள்ளும் வெள்ளம் வந்ததல்லவா?

மூன்றாவது, பெரிய உதவி நிறுவனங்களுக்குக் கொடுப்பதென்றால் பேர்லினில் உள்ள டேசெற்ஈ என்ற நிறுவனத்தின் நன்கொடை முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கு வழக்கைச் சோதித்த பின்னரே அந்த முத்திரையைக் கொடுக்கிறார்கள். ஜேர்மன் செஞ்சிலுவைச் சங்கம், கரித்தாஸ், டியாக்கோனி போன்றவை இலங்கையில் உள்ள அமைப்புகள் மூலம் வேலை செய்கின்றன. இங்கு பொதுநல அமைப்பாக ஏற்றுக்கொள்ளப்பட்ட நிறுவனத்துக்குக் கொடுத்ததை வருமான வரிக் கணக்கில் காட்டலாம். 300 யூரோ வரை வங்கிக் கணக்குத் துண்டே போதும். சொந்தக்காரருக்கு அனுப்பும் காசை நன்கொடை என்று காட்ட முடியாது.

நான்காவது, நாமே சேர்ப்பதென்றால் இருவர் சேர்ந்து எண்ண வேண்டும், பற்றுச்சீட்டு எழுத வேண்டும், போன காசுக்கு ஊரிலிருந்து எழுத்தில் பதில் வர வேண்டும். அந்தக் கடிதத்தைத் தமிழ்ப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிவிட்டால் மூன்றாவது கதை தானாக அடங்கும்.

ஐந்தாவதுதான் முக்கியமானது: மாதம் ஐந்து யூரோ. இருபது குடும்பம் சேர்ந்தால் மாதம் நூறு, வருடம் ஆயிரத்து இருநூறு யூரோ. எவருடைய அடுப்பும் அணையாது. முதல் கிழமையில் ஐம்பது யூரோ கொடுத்துவிட்டு மறப்பதைவிட, ஒரே பாடசாலையை இரண்டு வருடம் விடாமல் பார்த்தால் அந்தப் பிள்ளைகள் படிப்பை விட்டுத் தோட்ட வேலைக்குப் போகாமல் இருப்பார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எங்களுக்கு அதன் பெறுமதி தெரியும்.

வழக்கு முடியாமல் முகாமில் இருப்பவர்கள் "எங்களிடம் என்ன இருக்கிறது?" என்று கூச்சப்பட வேண்டாம். பல இடங்களில் இப்போது உதவிப்பணத்தை அட்டையில்தான் போடுகிறார்கள், அதிலிருந்து வெளிநாட்டுக்குக் காசு அனுப்பவும் வழியில்லை. காசு கொடுப்பது மட்டும் உதவியல்ல. நகரசபையில் கேட்டு ஒரு விழாவில் உணவுக் கடை போட்டபோது ரோல்ஸ் சுற்றியதும் வடை சுட்டதும் முகாமிலிருந்து வந்த அக்காமார்தான். நல்லாக டொச் கதைக்கும் பிள்ளைகள் வந்தவர்களுக்கு மலையகம் எங்கே இருக்கிறதென்று படம் வரைந்து விளங்கப்படுத்தினார்கள்.

எங்கள் பாக்டரியில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2023 பெப்ரவரியில் துருக்கியில் பூமி அதிர்ந்தபோது, எங்களோடு வேலை செய்யும் துருக்கிக்காரர் சாப்பாட்டு அறையில் ஒரு தகரப் பேணியை வைத்தார்கள். நாங்களும் போட்டோம். டித்வா வந்த கிழமை அதே பேணியைக் கழுவி, மேலே இலங்கையென்று எழுதி, கேட்காமலே அவர்கள் எங்கள் மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள். ஜேர்மன்காரரும் போட்டார்கள். கொடுத்து வாங்கிப் பழகியவர்களுக்கு ஊர் பேர் தேவையில்லை.

அடுத்த மாரி வரும். அதற்குள் ஒவ்வொரு நகரத்திலும் இருபது குடும்பங்களாவது சேர்ந்து ஒரு பாடசாலையின் பெயரைத் தெரிந்தெடுங்கள். ஒரு கொப்பி வாங்கி, முதல் பக்கத்தில் திகதியைப் போட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.