நொச்சி சூடிய சட்ட மாணவன்

பனித்தரையில் ஒருமுறையும் கால் வைத்திராத நாம் ஐஸ் ஹாக்கியைப் பற்றி எழுதத் துணிவதற்கு ஒரு நூலே காரணம். 1983இல் வெளிவந்த 'தி கேம்' என்னும் அந்நூலை எழுதியவர் கென் டிரைடன். மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணியின் கோல்கீப்பராக எட்டுப் பருவங்கள் ஆடி, 1979இல் தமது 31ஆம் வயதில் ஓய்வு பெற்றவர். பிற்காலத்தில் கனடாவின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருந்தவர். 2025 செப்டம்பர் 5ஆம் நாள் அவர் காலமானபோது வந்த அஞ்சலிகள், இயல்பாகவே, அவர் வென்ற ஆறு ஸ்டான்லி கோப்பைகளை எண்ணிக் காட்டின. நம் மனமோ அவருடைய தொடக்க ஆண்டுகளிலேயே நின்றுவிட்டது. ஒன்றில் முழுமனத்தோடு இறங்காதவன் எதிலும் தேறமாட்டான் என்று வகுப்புதோறும் நாம் ஓதும் அறிவுரைக்கு, அந்த ஆண்டுகள் இடக்காக ஒரு பதில் வைத்திருக்கின்றன.

ஆட்டத்தைக் காணாதவர்களுக்காகச் சில சொற்கள். ஆறடி அகலம், நாலடி உயரம் கொண்ட வலைவாயில். அதை நோக்கிப் பறந்துவருவது மூன்று அங்குல விட்டமுள்ள கெட்டி ரப்பர் வட்டு, 'பக்' என்பார்கள். எடை ஏறத்தாழ 170 கிராம். அது முகத்தில் பட்டால் என்னாகும் என்பது தெரிந்திருந்தும், 1959இல் ழாக் பிளான்ட் பிடிவாதமாக முகமூடி அணிந்து ஆடத் தொடங்கும்வரை பெரும்பாலான கோல்கீப்பர்கள் வெற்று முகத்தோடுதான் நின்றார்கள். மற்றவர்கள் ஒரு நிமிடம்போலச் சறுக்கி ஆடிவிட்டு ஓய்வுக்குத் திரும்ப, கோல்கீப்பர் மட்டும் அறுபது நிமிடமும் களத்திலேயே இருப்பார். அதிலும் பெரும்பகுதி வெறுமனே நிற்பதுதான். டிரைடனின் புகழ்பெற்ற தோற்றமும் அந்த நிற்றலே: ஆறடி நான்கு அங்குல மனிதர் கோலை நிமிர்த்தி ஊன்றி, அதன் நுனியில் இரு கைகளையும் அடுக்கி, அவற்றின்மேல் மோவாயை வைத்துக்கொண்டு, ஆட்டம் தம்மை நாடி வரட்டும் என்பதுபோல் நிற்கிறார்.

புறத்திணை படித்தவர்களுக்கு இங்கே நொச்சி நினைவுக்கு வராமல் போகாது. எயில் வளைத்தவனுக்கு உழிஞைப் பூ, எயில் காத்தவனுக்கு நொச்சிப் பூ. தொல்காப்பியர் நொச்சியைத் தனித்திணையாக வைக்காமல் உழிஞைக்குள்ளேயே அடக்கிவிட்டார். அதற்குத் தனி இருக்கை கொடுத்தது புறப்பொருள் வெண்பாமாலை. புறநானூற்றிலும் நொச்சிப் பாடல்கள் மிகச் சில. காப்பவனைப் பாடுவது எக்காலத்திலும் கடினம் போலும். அவன் செய்வதெல்லாம் நடந்திருக்க வேண்டிய ஒன்றை நடவாமல் செய்வது. தவறினால் மட்டும் ஊரறியும்.

1947இல் ஹாமில்டனில் பிறந்த டிரைடன் டொரண்டோவின் புறநகரில் வளர்ந்தவர். தந்தை வீட்டுப் பின்புறத்தில் தளம் போட்டு வலைகளும் நிறுத்திக் கொடுத்தார். (இத்தந்தையே 1970இல் ஏழைக் குழந்தைகளுக்குப் படுக்கை வழங்கும் ஓர் அறப்பணியைத் தொடங்கியவர், முதல் படுக்கைகள் சென்று சேர்ந்தது நம் நாட்டுப் பூனாவுக்கு.) ஆறு வயது மூத்த அண்ணன் டேவ் கோல்கீப்பர், ஆகவே தம்பியும் கோல்கீப்பர். இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

1964இல் பதினாறு வயதில் பாஸ்டன் புரூயின்ஸ் அணி அவரைத் தன் பட்டியலில் எடுத்தது. சில வாரங்களுக்குள் வேறிருவருக்கு ஈடாக அவ்வுரிமையை மாண்ட்ரியலுக்குக் கைமாற்றியும் விட்டது. தம்மை முதலில் எடுத்தது பாஸ்டன் என்பதே டிரைடனுக்குப் பல்லாண்டு தெரியாது. மாண்ட்ரியல்தான் எடுத்தது என்று நம்பியிருந்தார். அந்நாளில் கனடா இளைஞன் ஒருவன் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகும் வழி இளையோர் அணிகள் ஊடாகவே சென்றது. படிப்பு அவ்வழியில் உதிர்ந்துவிடும். டிரைடன் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போய் வரலாறு படித்தார். அங்கு ஆடிய 81 ஆட்டங்களில் 76 வெற்றி, நான்கு தோல்வி, ஒன்று சமநிலை. 1969இல் பட்டம் பெற்றதும் மாண்ட்ரியலுக்குப் போகாமல் கனடாவின் தேசிய அணியில் சேர்ந்தார். 1970இல் கனடா பன்னாட்டுப் போட்டிகளிலிருந்து விலகியதால் அந்த அணியே கலைந்தது. பிறகுதான் மாண்ட்ரியல். அதுவும் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டே, கனேடியன்ஸின் துணை அணியான வாயேஜர்ஸில்.

1971 மார்ச்சில் மேலே அழைத்தார்கள். பருவம் முடிய எஞ்சியிருந்த நாட்களில் ஆறு ஆட்டம், ஆறும் வெற்றி. அவற்றுள் மார்ச் 20 ஆட்டத்தில் எதிரணி பஃபலோ; எதிர்வலையில் நின்றவர் அண்ணன் டேவ். மாண்ட்ரியலின் வாஷோன் காயமுற்றுத் தம்பி இறங்க நேர்ந்தபோது, முன்னரே வெளியே எடுத்திருந்த டேவைப் பஃபலோ பயிற்சியாளர் மறுபடி உள்ளே அனுப்பினார். தேசிய ஹாக்கி லீக்கில் சகோதரர் இருவர் எதிரெதிர் வலைகளைக் காத்தது அதுவே முதன்முறை. முடிவில் நடுக்களத்தில் இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

இந்த ஆறு ஆட்ட அனுபவத்தை நம்பித்தான் மாண்ட்ரியல் கோப்பைச் சுற்றின் முதல் தொடரில் அவரைப் பாஸ்டனுக்கு எதிரே நிறுத்தியது. அவ்வாண்டுப் பாஸ்டன் சாதாரண அணியன்று. நடப்புச் சாம்பியன்; 78 ஆட்டங்களில் 57 வெற்றி, 399 கோல்கள். பில் எஸ்பொசிடோ ஒருவரே 76 கோல் அடித்திருந்தார். மாண்ட்ரியல் 24 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. முதல் ஆட்டம் தோல்வி. இரண்டாவது ஆட்டத்தின் நடுப்பகுதியில் பாஸ்டன் 5, மாண்ட்ரியல் 1.

நாம் மீண்டும் மீண்டும் திரும்பிப் போவது இந்த இடத்துக்குத்தான். ஐந்து கோல்களை வாங்கிய 23 வயது சட்ட மாணவன், பகைவரின் அரங்கம், கூச்சலிடும் கூட்டம். அவரை மாற்றியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அநேகமாக அவர் கதையும் வேறாகியிருக்கும். பயிற்சியாளர் மாற்றவில்லை. ஹென்றி ரிஷார் ஒரு கோல் அடித்தார். பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக மேலும் ஐந்து. மாண்ட்ரியல் 7, பாஸ்டன் 5. பாஸ்டனுக்கு அதன்பின் ஒரு கோலும் இல்லை. வெற்றியைத் தந்தவர்கள் கோல் அடித்தவர்கள்தாம், ஐயமில்லை. ஆனால் ஆறாவதை விடாதிருந்ததும் ஒரு செயல் அல்லவா? ஐந்தை மறந்துவிட்டு ஆறாவதற்காக நிற்பது எந்தப் பயிற்சியில் வருகிறது என்று நமக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆட்டத்துக்கு வெளியே தனக்கு இன்னொரு வாழ்வு இருக்கிறது, நாளை திறக்க வேண்டிய ஒரு சட்டப் புத்தகம் இருக்கிறது என்பதும் அந்த அமைதிக்கு ஒரு துணையோ என்று ஐயுறுகிறோம். இது நம் ஊகமே, நிரூபிக்க வழியில்லை.

ஏழாவது ஆட்டம்வரை சென்ற அத்தொடரை மாண்ட்ரியல் 4-3 என்று வென்று முடித்தது. அடுத்து மினசோட்டா. இறுதியில் சிகாகோ; அங்கும் ஏழு ஆட்டம். சிகாகோவின் கோல்கீப்பர் டோனி எஸ்பொசிடோ, பில்லின் தம்பி. ஒரு காலத்தில் மாண்ட்ரியலே தக்கவைக்காமல் விட்டவர். (இக்கதை முழுவதும் அண்ணன் தம்பிகளாகவே வருகிறார்கள்.) மே 18 அன்று இறுதி ஆட்டத்தில் 0-2 எனப் பின்தங்கி, லெமேர் நெடுந்தொலைவிலிருந்து அடித்த ஒன்றாலும் ரிஷாரின் இரண்டாலும் மாண்ட்ரியல் 3-2 என வென்றது. கோப்பைச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருது டிரைடனுக்கு. கணக்கைப் பார்த்தால் வியப்பாக இருக்கும்: அச்சுற்றில் ஆட்டத்துக்குச் சராசரி மூன்று கோல்களை அவர் விட்டிருந்தார். விருது அசையாச் சுவருக்குத் தரப்பட்டதன்று.

அந்தக் கோடையில், நுகர்வோருக்காகப் போராடிய ரால்ஃப் நேடரிடம் வேலைக்குப் போனார். அடுத்த பருவ முடிவில், 1972இல், சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது வந்தது. முந்தைய ஆண்டின் ஆறு ஆட்டங்கள் விதிப்படி அவரைப் பழையவர் ஆக்கவில்லையாம். அதே செப்டம்பரில் சோவியத் அணியுடன் எட்டு ஆட்டத் தொடர். மாண்ட்ரியலில் நடந்த முதல் ஆட்டத்தில் ஏழு கோல் வாங்கித் தோற்றார். வலையை விட்டு முன்னேறி நின்று கோணத்தை அடைப்பது வட அமெரிக்க வழக்கம்; குறுக்கே கடத்திக் கடத்திக் கடைசியில் அடிக்கும் சோவியத்காரர்களிடம் அது செல்லவில்லை. பின்வாங்கி வலையை ஒட்டி நிற்கக் கற்றுக்கொண்டார். மாஸ்கோவில் எட்டாவது ஆட்டத்தில் மறுபடியும் ஐந்து கோல் விட்டார். கனடா 6-5 என வென்றது.

1973இல் இரண்டாவது கோப்பை, கோல்கீப்பருக்கான வெசினா விருது, சட்டப் பட்டம், மூன்றும் ஒருசேர வந்தன. ஊதியப் பேச்சில் உடன்பாடு எட்டாதபோது டிரைடன் ஆட்டத்தை விட்டுவிட்டு டொரண்டோவில் ஒரு சட்ட நிறுவனத்தில் பயிற்சி எழுத்தராகச் சேர்ந்தார். வாரத்துக்கு ஏறத்தாழ 135 டாலர். நாமாக இருந்தால் அருகில் உட்கார வைத்து, அமைந்த வாழ்வைக் கலைக்காதே தம்பி என்று ஒரு மணி நேரம் பேசியிருப்போம். விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்து, ஆட்டத்துக்கும் தேர்வுக்கும் நடுவே இழுபடும் மாணவர்களிடம் அப்படித்தான் பேசிவருகிறோம். அவர் இல்லாத 1973-74 பருவத்தில் மாண்ட்ரியல் முதல் தொடரிலேயே நியூயார்க்கிடம் தோற்றது. 1974 இலையுதிர்காலத்தில் அவர் திரும்பி வந்தார்.

அந்த எழுத்தர் ஆண்டில் மாலை வேளைகளில் அவர் ஹாக்கியை அடியோடு விட்டிருக்கவில்லை. வேலை முடிந்து வருபவர்கள் ஆடும் உள்ளூர் லீக் ஒன்றில் சேர்ந்திருந்தார். கோல்கீப்பராக அல்ல, தற்காப்பு ஆட்டக்காரராக, மற்றவர்களைப்போல் களமெங்கும் சறுக்கிக்கொண்டு.