நிறுத்தச் சொல்லும் உரிமை

மென்பொருள் சோதனை என்றால் பொத்தான்களை அழுத்திப் பார்க்கிற வேலை என்றுதான் எங்கள் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். வட்டக்கச்சியில் வீட்டிலிருந்தபடி கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு இந்த வேலையைச் செய்கிறேன். எது எங்கே பிழைக்கும், பிழைத்தால் யாரைப் பாதிக்கும் என்று யோசிப்பதிலேயே என் நாளின் பெரும்பகுதி போகிறது.

அடையாள அட்டை இலக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும். 2016 முதல் வரும் அட்டையில் 12 இலக்கங்கள். பிறந்த ஆண்டை அடுத்து வரும் மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிக்கும். பெண் என்றால் அதோடு 500 கூட்டப்படும். இவ்வளவும் டெவலப்பர்மாருக்குத் தெரியும். பெப்ரவரிக்கு எந்த ஆண்டிலும் 29 நாள் என்றே அந்தக் கணக்கு ஓடுவதைப் பலர் கவனிப்பதில்லை. அதனால் மார்ச் 1 எப்போதும் 61ஆவது நாள். இது தெரியாமல் எழுதிய செயலி, லீப் இல்லாத ஆண்டில் மார்ச் முதலாம் திகதி பிறந்தவரை இரண்டாம் திகதிக்காரர் ஆக்கிவிடும். அவர் சரியான திகதியைப் பதிந்தாலும் 'பொருந்தவில்லை' என்று திருப்பிவிடும். ஆண்டின் பத்து மாதங்களில் பிறந்தவர்களுக்கு இந்தத் தொல்லை வரும். ஜனவரியில் பிறந்தவரின் அட்டையை மட்டும் போட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

தமிழ்க் குறுஞ்செய்தியும் அப்படித்தான். ஆங்கிலத்தில் 160 எழுத்துப் பிடிக்கும் இடத்தில் தமிழுக்கு 70தான், அதிலும் 'கொ' இரண்டாக எண்ணப்படும். பணம் அனுப்பும் செயலியிலும் இதே கதைதான். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்வெளியில் நின்று ஒருவர் பணம் அனுப்புகிறார், சிக்னல் பாதியில் போகிறது, மறுபடி அழுத்துகிறார். காசு இரண்டு தரம் போகுமா? கொழும்பு அலுவலக வைஃபையில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை.

கொம்பனிகள் இப்போது தரத்தை மதிக்கின்றனவா என்று அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். கருவிகளுக்குச் செலவழிக்கிறார்கள், உண்மை. தானியங்கிச் சோதனை எங்கும் வந்துவிட்டது. ஆனால், "இது இன்றைக்குப் போகக்கூடாது" என்று சோதனையாளர் சொன்னால் ரிலீஸ் நிற்குமா? என் அளவுகோல் அது ஒன்றுதான். அதில் பெரிய முன்னேற்றத்தை நான் காணவில்லை. திகதி வென்றுவிடுகிறது.

கருவி மட்டும் காப்பாற்றாது. 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அந்தப் புதுப்பிப்பைச் சரிபார்க்க வேண்டிய நிரலிலேயே பிழை இருந்தது. முதலில் சிலருக்கு மட்டும் அனுப்பிப் பார்க்கவும் இல்லை. எங்கள் நாட்டில் 2023இல் அரச மின்னஞ்சல் சேவையை ரான்சம்வெயர் தாக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீளவில்லை. அந்தக் காலத்துக்குப் பேக்கப் இருக்கவில்லை. பேக்கப்பை மீட்டெடுத்துப் பார்ப்பதும் சோதனைதான். அதற்கு நாள் ஒதுக்கச் சொன்னால் அடுத்த மாதம் பார்ப்போம் என்பார்கள்.

வேலை தேடும் பிள்ளைகளே, நேர்முகத் தேர்வில் சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: கடைசியாக எப்போது ஒரு ரிலீஸை நிறுத்தினீர்கள், யார் சொல்லி நிறுத்தினீர்கள்? காரணத்தோடு பதில் சொல்லும் இடத்தில் சேருங்கள்.