டேலி ஆனால் மட்டும் போதுமா?

பி.காம் படிக்கிற பையனுக்கு நெட்வொர்க் டெஸ்டிங்கில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பதில் சொன்னால் என் மானம் கொஞ்சம் போகும், பரவாயில்லை.

கோவையில் சித்தப்பா சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறார். பேக்கிங் மெஷின் செய்வார்கள். லீவுக்குப் போனால் பில்லை எல்லாம் டேலியில் ஏற்றித் தருவது என் வேலை. போன லீவில் ஒரு சுழலும் மேஜை தயாராகிக் கொண்டிருந்தது. அதன் மேலேயே ஒரு கேமரா, கூடவே சுற்றும். டப்பா மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று படம் எடுத்து, கீழே இருக்கும் கம்ப்யூட்டருக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

சுற்றுகிற பொருளுக்கு நேராக வயர் கொடுத்தால் நாலு சுற்றில் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். அதற்காகத்தான் ஸ்லிப் ரிங். சுற்றும் தண்டில் உலோக வளையங்கள், அவற்றை உரசிக்கொண்டு நிற்கும் பிரஷ்கள். ஒரு வயருக்கு ஒரு வளையம். காற்றாலையிலும் சி.டி. ஸ்கேன் மெஷினிலும் இதே சங்கதிதான்.

"கண்ணு, நீதான் கம்ப்யூட்டர் தெரிஞ்சவனாச்சே, லைன் சரியா இருக்கான்னு பாரு" என்றார் சித்தப்பா. ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து கேமராவுக்குப் பத்து நிமிடம் பிங் விட்டேன். மேஜை நின்றுகொண்டிருந்தது. 600 போனது, 600 திரும்பி வந்தது. "ஓகேங்க சித்தப்பா!" மெஷின் கிளம்பிவிட்டது.

இரண்டே வாரத்தில் போன். படத்தில் கோடு கோடாகக் காணாமல் போகிறதாம். மீதிப் பணம் நிறுத்தி வைக்கப்பட்டது. மெஷினும் திரும்பி வந்தது. சித்தப்பா எல்லார் முன்னாலும் வயரிங் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். "கிரிம்ப் ஒழுங்கா பண்ணியிருந்தா இப்படி ஆகுமா?" அண்ணன், "ஒழுங்காத்தான் பண்ணேனுங்க" என்று மட்டும் சொன்னார். நான் வாயே திறக்கவில்லை. என் பிங்தான் டேலி ஆகிவிட்டதே!

ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். அந்த லைன் 100 மெகாபிட். 32 பைட் பிங், தலைப்பு எல்லாம் சேர்த்து, கம்பியில் ஓடுவது சுமார் 7 மைக்ரோ விநாடி. திரும்பி வர இன்னொரு 7. விநாடிக்கு ஒன்று வீதம் 600 பிங். அதாவது பத்து நிமிடத்தில் நான் உண்மையில் கம்பியைப் பார்த்தது ஒன்பது மில்லி விநாடிகூட இல்லை! வருஷக் கணக்கில் ஒரே ஒரு வவுச்சரைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட ஆடிட்டர் நான்.

மறுநாள் சித்தப்பாவிடம் இரண்டு லேப்டாப் வாங்கி, ஒன்றை மேஜை மேல் துண்டால் கட்டினேன் (சிரிக்காதீர்கள்). ஐபெர்ஃப் என்ற இலவச மென்பொருளில் யூ.டி.பி. பாக்கெட்டுகளை மேலிருந்து கீழே இடைவிடாமல் கொட்டவிட்டேன். கீழே இருந்த லேப்டாப்பில் சி.ஆர்.சி. பிழை எண்ணிக்கையை ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் பின்னும் குறித்தேன். ஒவ்வொரு ஈதர்நெட் ஃப்ரேமின் கடைசியிலும் 32 பிட் சரிபார்ப்பு எண் ஒன்று இருக்கும். பெறுபவர் தானும் கணக்கிட்டுப் பார்ப்பார். ஒத்துப்போகாவிட்டால் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடுவார்.

முதலில் ஸ்லிப் ரிங்கை விட்டுவிட்டு, அண்ணன் கிரிம்ப் செய்த இரண்டு கேபிளையும் கப்ளர் வைத்து நேராக இணைத்தேன். ஒரு மணி நேரம், பிழை பூஜ்யம். அப்புறம் ஸ்லிப் ரிங் வழியாக, மேஜை நிற்கும்போது. பூஜ்யம். மெதுவாகச் சுற்றவிட்டதும் எண் ஏற ஆரம்பித்தது. முழு வேகத்தில் இன்னும் ஏறியது. அதே ஸ்லிப் ரிங் வழியாக மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்ததும் எகிறியது.

விஷயம் இதுதான். இந்த வேகத்தில் ஒரு பிட்டுக்கு 10 நானோ விநாடிதான். பிரஷ் ஒரே ஒரு மைக்ரோ விநாடி எழும்பினால் 100 பிட் காலி. நின்றால் எழும்பாது, அதனால் தெரியாது.

இன்னொரு கூத்து. சுற்றும்போதே ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்து, இரண்டு பக்கமும் எம்.டி.5 பார்த்தேன். அச்சு அசலாக ஒன்றே! காரணம், காப்பி போனது டி.சி.பி. வழியாக. தொலைந்ததைத் திரும்பக் கேட்டு வாங்கிவிடும், நேரம்தான் கூடும். அந்தக் கேமரா யூ.டி.பி.யில் அனுப்புகிறது, போனது போனதுதான். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆனால் தப்பே இல்லை என்று அர்த்தம் இல்லை என்று முதல் வருஷமே படித்தேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். புரிந்தது இப்போதுதான்.

குறித்ததை எல்லாம் சித்தப்பாவிடம் காட்டி, "தப்பு அண்ணன் மேல இல்லீங்க, நான் நிறுத்தி வெச்சு டெஸ்ட் பண்ணிட்டேன்" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. ஈதர்நெட்டுக்கென்றே செய்த ஸ்லிப் ரிங் வந்தது. டேட்டா வயர்கள் ஜோடி பிரியாமல், பவர் வளையங்களிலிருந்து தள்ளி இருக்கும். விலை பழையதைப் போல மூன்று மடங்கு. முழு வேகத்தில், மோட்டாரும் ஓட, எட்டு மணி நேரம் சோதித்தோம். ஒரு பிழைகூட இல்லை. மீதிப் பணமும் வந்தது.

சித்தப்பா அண்ணனிடம் மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. தன் கையாலேயே டீ வாங்கிக் கொடுத்தார், அவ்வளவுதான். நான் கேட்டேன். அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அடுத்த வாட்டி சுத்த விட்டுப் பாருங்க தம்பி."

சரி, ஆடிட்டிங் பேப்பருக்குப் படிக்க வேண்டும். வர்ட்டா? :-)