கப்பி நின்ற சத்தம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் ஒரு கேள்வி கேட்டாய், பேராண்டி. "தாத்தா, நான் விஸ்காம் சேரப் போறேன். டைரக்‌ஷனா, கேமராவா, எடிட்டிங்கா? ஒரு நல்ல படத்துக்கு எது ரொம்ப முக்கியம்னு சொல்லுங்க, அதையே பிடிச்சுக்கிறேன்." உன் மாமா ஹீரோ என்றார். அம்மா கதை என்றாள். பாட்டி, பாட்டு இல்லாமல் என்ன படம் என்று கேட்டாள். நான் பேசாமல் இருந்தேன். 28 வருடம் ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்தவன். வந்த கூட்டத்துக்கு நடுவே ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்க மனசு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பார்த்த வேலை உனக்குச் சரியாகத் தெரியாது. கோடம்பாக்கத்தில் மிக்ஸிங் உதவியாளனாக இருந்தேன். படப்பிடிப்பு, எடிட்டிங், டப்பிங், பின்னணி இசை எல்லாம் முடிந்த பிறகு அத்தனை சத்தமும் எங்கள் அறைக்கு வரும். வசனம் ஒரு டிராக், இசை ஒரு டிராக், எஃபெக்ட்ஸ் ஒரு டிராக். காலடி, கதவு, மழை, மாட்டு மணி எல்லாம் எஃபெக்ட்ஸில் அடக்கம். திரையில் படம் ஓட ஓட, எதை ஏற்றுவது, எதை இறக்குவது என்று பார்த்து மூன்றையும் ஒன்றாகச் சேர்ப்போம். 1000 அடி ரீல் ஒன்று ஓட 11 நிமிடம் ஆகும். இப்போதுபோல நாலு பக்கமும் ஸ்பீக்கர் கிடையாது. வசனம் எழுதியவர், இசையமைத்தவர், எஃபெக்ட்ஸ் போட்ட நான், எல்லாரும் திரைக்குப் பின்னால் இருக்கும் ஒரே ஸ்பீக்கர் வழியாகத்தான் வெளியே வர வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் ஒரு கிராமத்துப் படம் வந்தது. தங்கை கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருப்பாள். அக்கா வந்து அப்பா இறந்துபோன சேதியைச் சொல்வாள். அந்தக் காட்சிக்குக் கப்பிச் சத்தம் வேண்டும். கூடத்தில் இருந்த பழைய சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. நாக்ரா ரெக்கார்டரைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். நம் கொல்லைக் கிணற்றில் மூன்று நாள், கோழி கூவுவதற்கு முன்பே எழுந்து பதிவு செய்தேன். சேந்தியது உன் கொள்ளுப்பாட்டி. கயிறு நனைந்திருந்தால் ஒரு சத்தம், காய்ந்திருந்தால் வேறு சத்தம். குடம் காலியாக இறங்கும்போது கடகடவென்று ஓடும். நிறைந்து ஏறும்போது முனகிக்கொண்டே வரும். அதையெல்லாம் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட பெருமையை இன்றைக்கும் மறக்கவில்லை.

மிக்ஸிங் அன்று எஃபெக்ட்ஸ் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர் என் கையில் இருந்தது. ரீல் ஓடும் ஒவ்வொரு தடவையும் கப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். அக்கா சொல்வதோ முணுமுணுப்பு. கப்பி அதை விழுங்கிவிட்டது. எங்கள் சவுண்டு இன்ஜினியர் ரீலை நிறுத்தச் சொன்னார். திட்டவில்லை. என் கையை எடுத்துவிட்டு அந்த ஃபேடரைத் தானே பிடித்துக்கொண்டார். பின்வரிசையிலிருந்து டைரக்டர், "அந்த வயலினையும் எடுத்திடுங்க சார்" என்றார். இசையமைப்பாளர் அந்த இடத்துக்கென்று வாசித்துக் கொடுத்திருந்த அருமையான வயலின் அது. மறுபடி ஓட்டினோம். கப்பி கொல்லையின் கடைசியில் எங்கோ கேட்பதுபோல ஓடிக்கொண்டிருந்தது. சேதி காதில் விழுந்ததும் தங்கையின் கை நின்றது. கப்பியும் நின்றது. அவ்வளவுதான். அழுகை இல்லை, இசை இல்லை. ரீல் முடிந்ததும் இன்ஜினியர் என் பக்கம் திரும்பி, "நின்ன பிறகுதான்யா அது கேக்குது" என்றார்.

அன்று இரவு ஒரே யோசனை. அந்தக் காட்சி யாருடையது? மூன்று நாள் விழித்த எனக்கு அதில் பங்கு உண்டு. முணுமுணுத்த நடிகைக்கும், எழுதியவருக்கும் உண்டு. வயலின் கலைஞர் வாசித்ததில் ஒரு துளிகூட ஜனங்கள் கேட்கவில்லை. எங்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு, இந்த நிமிடத்தில் யார் பேசலாம், யார் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தவர் ஒருவர்தான், பின்வரிசையில் இருந்த டைரக்டர்.

இதை இன்னும் தெளிவாக நான் உணர்ந்தது ஒரு ரசிகனாக தியேட்டரில் உட்கார்ந்திருந்தபோது. 1978 ஆகஸ்ட் 15 அன்று 'முள்ளும் மலரும்' வந்தது. மகேந்திரனின் முதல் படம். அதற்கு முன்பு அவருக்கு எதில் பெயர் என்றால் எழுத்தில். சிவாஜி நடித்த 'தங்கப்பதக்கம்' அவர் எழுதியது. அந்தப் போலீஸ் அதிகாரியின் வசனத்துக்குத் தியேட்டரே கை தட்டியது. அப்படிப்பட்டவர் தனக்கென்று ஒரு படம் கிடைத்தபோது முதலில் கை வைத்தது எதில் தெரியுமா? வசனத்தில். உமா சந்திரனின் நாவலை எடுத்துக்கொண்டு தன் போக்கில் திரைக்கதை செய்தார். பாலு மகேந்திராவின் கேமரா பேசும் இடத்தில் பேனாவை மூடி வைத்தார். இளையராஜா பேசும் இடத்திலும் அப்படியே. படத்தைப் பார்த்த தயாரிப்பாளரே வசனத்தைக் காணோமே என்று கலங்கியதாக மகேந்திரன் பிற்பாடு சொல்லியிருக்கிறார். கையில் இருக்கும் பெரிய ஆயுதத்தைத் தானே இறக்கி வைத்த ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

கடைசிக் காட்சியை நினைத்துப் பார். தங்கை வள்ளி, அண்ணனை விட்டுக் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். ஒரு கையை இழந்த அந்த அண்ணன் காளி தனியாக நிற்கிறான். அவள் திரும்பி ஓடி வருகிறாள். அண்ணன் தங்கைப் பாசத்துக்கு நம் சினிமாவில் எத்தனை பக்க வசனம் எழுதியிருக்கிறார்கள்! இங்கே ஷோபாவின் ஓட்டமும் ரஜினியின் முகமும்தான் முதலில் பேசுகின்றன. நான் எழுந்து வெளியே வரும்போது, பக்கத்தில் இருந்த முதியவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

வசனம் தாழ்ந்தது என்று நான் சொல்வதாக நினைக்காதே. 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'யில் கருணாநிதியின் வசனத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? டைரக்டர்கள் கிருஷ்ணன்-பஞ்சு அங்கே வசனத்துக்கு வழிவிட்டு கேமராவை அடக்கி வைத்தார்கள். அந்தக் கதைக்கு அது சரி. அந்தப் படத்தில் இன்னொருவரும் இருக்கிறார். புதுமுகமான சிவாஜி கணேசன் ஒல்லியாக இருக்கிறார், வேறு ஆளைப் போடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, இவர்தான் நடிப்பார் என்று உறுதியாக நின்ற தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள். சிவாஜி பெரிய நடிகரான பிறகும் பொங்கலுக்குப் பொங்கல் வேலூர் போய் அவரை வணங்கிவிட்டு வந்தார் என்பார்கள். அதேபோல 'முள்ளும் மலரும்' படத்தின் 'செந்தாழம் பூவில்' பாட்டை எடுக்கப் பணம் இல்லாமல் நின்றபோது, அந்தப் படத்தில் நடிக்காத கமல்ஹாசன் உதவியிருக்கிறார். இவர்கள் செய்ததற்கு உன் கல்லூரியில் எந்தப் பிரிவும் இருக்காது.

ஆனாலும் உன் கேள்விக்கு என் பதில் டைரக்டர்தான். கதையை அடுத்து வைப்பேன். கதையில் இல்லாத உயிரை மிக்ஸிங்கில் கொண்டுவர நாங்கள் ராத்திரி ராத்திரியாக முட்டி மோதியிருக்கிறோம். ஒரு தடவைகூட வரவில்லை. ஆனால் நல்ல கதையும் தவறான கையில் கெட்டுப்போனதை அதைவிட அதிகம் பார்த்திருக்கிறேன். எல்லாரும் அவரவர் வேலையைப் பிரமாதமாகச் செய்திருப்பார்கள். ஒருவரையும் அடக்க ஆள் இருந்திருக்காது. கேமரா ஒரு பக்கம் இழுக்கும், இசை ஒரு பக்கம் இழுக்கும், நடிகர் நடுவே கத்திக்கொண்டிருப்பார்.

இதைப் படித்துவிட்டு உடனே டைரக்‌ஷன் நாற்காலிக்கு ஓடிவிடாதே. மற்றவன் வேலையின் ருசி தெரியாதவனுக்கு எதை நிறுத்தலாம் என்று எப்படித் தெரியும்? அந்த வயலினை எடுக்கச் சொன்ன டைரக்டர், இசைப்பதிவு நடந்த அன்று காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்து அதைக் கேட்டவர். எடுக்கச் சொல்லும்போது அவர் குரலில் வலி இருந்தது. இசையமைப்பாளரிடம் அவரே நேரில் போய்ச் சொன்னதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

நீ எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஆர்ட் டைரக்‌ஷன் பக்கம் போனால் 'நாயகன்' பார். சென்னையில் தோட்டா தரணி போட்ட தாராவியை நிஜத் தாராவி என்று நம்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். அதற்குத் தேசிய விருதும் வந்தது. ஒலிப்பதிவு பக்கம் வந்தால், மகேந்திரனின் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே'யைக் கேள். 1980-இல் வந்த அந்தப் படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படம், அசோக்குமாரின் ஒளிப்பதிவு, எஸ்.பி. ராமநாதனின் ஒலிப்பதிவு என்று மூன்று தேசிய விருதுகள். டைட்டிலில் பெயர்கூட வராத என்னைப் போன்ற உதவியாளர்கள் அந்தச் செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டு, எங்களுக்கே கிடைத்ததுபோல லட்டு வாங்கிச் சாப்பிட்டோம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிடு. 'முள்ளும் மலரும்' படத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் உனக்கு மூன்று தடவை போட்டுக் காட்டப் போகிறேன். முதல் தடவை சும்மா பார். இரண்டாம் தடவை சத்தத்தை நிறுத்திவிடுவேன். மூன்றாம் தடவை நீ கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இசை எந்த இடத்தில் நிற்கிறது என்று நீ சொல், நான் எதுவும் சொல்ல மாட்டேன்.