காசோலைப் புத்தகமும் கடவுச்சொல்லும்



அமெரிக்காவில் குடியேறிய நம் மூத்தவர்களில் சிலர் இன்றும் மாதந்தோறும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கிக் காசோலைப் புத்தகத்தோடு அமர்கிறார்கள். மின்சாரம், எரிவாயு, தண்ணீர் என ஒவ்வொன்றுக்கும் தொகையை எழுதிக் கையொப்பமிட்டு, தபால்தலை ஒட்டி அனுப்புகிறார்கள். பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது.

பிள்ளைகள் பக்கமும் நியாயம் உண்டு. தெருவோரத் தபால் பெட்டிகளிலிருந்து காசோலைகளைத் திருடி, இரசாயனத்தால் மையைக் கழுவி, வேறு பெயரையும் பெருந்தொகையையும் எழுதிக்கொள்ளும் மோசடி இந்நாட்டில் நடந்துவருகிறது. தபாலில்தான் அனுப்புவீர்களாயின் ஜெல் பேனாவால் எழுதுங்கள்; அஞ்சலகத்தின் உள்ளே சென்று கொடுங்கள். (வங்கியின் இணையதளத்தில் நீங்கள் ‘மின்னணு முறையில்’ செலுத்தும் சில கட்டணங்களை அவ்வங்கியே காசோலையாக அச்சிட்டுத் தபாலில் அனுப்புகிறது என்பதைப் பலர் அறியார்.)

ஆயினும் நான் சொல்ல வந்தது திருடரைப் பற்றியன்று.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் நியூ ஜெர்சி சபையில் ஒரு சகோதரர் திடீரென மரித்தார். அடக்க ஆராதனைக்கு மறுவாரம் அவருடைய மனைவியைச் சந்திக்கச் சென்றேன். அவர் கேட்டார்: “ஐயா, இந்த வீட்டுக்கு யாருக்கு, எவ்வளவு கட்டவேண்டும் என்றே எனக்குத் தெரியாது. எங்கே போய்க் கேட்பேன்?” எல்லாக் கட்டணங்களும் கணவரின் கணக்கிலிருந்து தாமாகவே கழிந்துகொண்டிருந்தன. காகிதப் பில் எதுவும் வீட்டுக்கு வருவதில்லை. கடவுச்சொற்கள் அவருடைய கைபேசிக்குள் இருந்தன. கைபேசி பூட்டிக் கிடந்தது. மரணச் செய்தி அறிந்ததும் வங்கி அவர் பெயரில் மட்டும் இருந்த அக்கணக்கை முடக்கியது. கட்டணங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. வீட்டுக் காப்பீடு ரத்தாகும் என்ற எச்சரிக்கைக் கடிதம் வந்தபோதுதான் அப்படியொரு காப்பீடு இருப்பதையே அவர் அறிந்தார். துக்கங்கொண்டாட வேண்டிய நாட்களை அவர் தொலைபேசியில் காத்திருந்தே கழித்தார்.

இன்னொரு விதவைத் தாயாரின் நிலை வேறு. அவருடைய கணவர் காசோலைப் பதிவேட்டில் தேதி, எண், பெறுநர், தொகை யாவற்றையும் தம் கைப்பட எழுதி வைத்திருந்தார். முந்தின ஆண்டின் பக்கங்களைப் புரட்டியபோதே, பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் செலுத்தவேண்டிய சொத்துவரி முதற்கொண்டு அனைத்தும் அவருக்குத் தெளிவாயிற்று.

காசோலைக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. கைநடுங்கும் முதியவருக்குத் தானாகக் கட்டணம் செலுத்தும் ஏற்பாடு பெரிய உதவி. ஆனால் அந்தப் பதிவேடு செய்த வேலையை இன்று உங்கள் வீட்டில் எது செய்கிறது? திருமண ஆலோசனைக்கு வரும் இளையோரிடமும் இப்போது இதைக் கேட்கிறேன். பெரும்பாலும் ஒருவர் மற்றவரின் முகத்தைப் பார்க்கிறார்.

இந்த வாரம் கணவனும் மனைவியுமாக அமர்ந்து ஒரே தாளில் எழுதுங்கள்: எந்தக் கட்டணம், எந்தத் தேதி, எந்தக் கணக்கு, யார் பெயரில். முடிந்தால் அக்கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். தனியே வாழ்வோர் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் தாள் இருக்கும் இடத்தையாவது சொல்லிவையுங்கள். கைபேசியைத் திறக்கும் எண்ணையும் அதில் எழுத மறவாதீர்கள்.